‘ச’ இல்லாத குரல்

மார்ச் 4

வணக்கம்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் யார் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். நீங்கள் அவரைவிட்டுப் பிரிந்து போன மறு வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் கடைக்கு வந்தார். ‘படிக்கிற கண்ணாடி வேண்டும். பேச முடியாது, கோபிக்காதீங்க’ என்று ஒரு சீட்டை நீட்டினார். அப்படித்தான் பழக்கம். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். அவளும் சரி, நானும் சரி, அவர் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். தகர டப்பாவுக்குள் வண்டு கத்துவது போல இருக்கும். நாலே நாளில் அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். வீட்டில் எழுதுபலகைதான். இப்போது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. நாம் தட்டுகிற எழுத்தை அவரவர் சொந்தக் குரலிலேயே பேசுமாம். அதற்கு அந்தக் குரல் நல்ல பதிவாக ஓரிரண்டு மணி நேரத்துக்காவது வேண்டும் என்கிறார்கள். அவரிடம் கேட்டேன். “எங்கயும் இல்ல. இருந்தா ஒரே ஆள்கிட்டதான் இருக்கும். அங்க கேக்காத” என்று எழுதிவிட்டு உடனே அழித்துவிட்டார்.

அவர் கேட்காதே என்றதைத்தான் கேட்கிறேன். இருந்தால் தாருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி

மார்ச் 15

உங்கள் கடிதம் கிடைத்தது.

அக்கா என்று எழுத வேண்டாம். நம் இருவருக்கும் நடுவே அப்படி ஒரு உறவுக்கு முகாந்திரம் இல்லை. அடியில் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்தேன். வங்கியிலும் வாடகைப் பத்திரத்திலும் எட்டு வருடம் நானும் அதையே எழுதியவள். அதனால் எனக்கு அது புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

பதிவுகள் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே நான் மேல்படிப்புப் படித்தேன். பஸ்ஸில் போகவர நேரம் ஏராளம். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் என் பாடக் குறிப்புகளை அவன் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து கொடுப்பான். பகலெல்லாம் நீச்சல் குளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திவிட்டு வந்தவன், ஒரு எழுத்தும் புரியாமல், ஒரு எழுத்தும் விடாமல் படிப்பான்.

ரெக்கார்டரைச் சார்ஜரில் செருகியபடியே பதிவு செய்திருக்கிறோம். பின்னால் கொசு கத்துவது போல ஒரு கீச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு கொடுத்தால் உங்கள் இயந்திரமும் கொசுவோடுதான் பேசும். ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டு எடுத்துவிடலாம். மெதுவாகத் துடிக்கும் ஒலியை உள்ளே விடும், வேகமாகத் துடிப்பதை வாசலிலேயே நிறுத்தும் வடிகட்டி அது. பாலங்கள் எவ்வளவு நடுங்குகின்றன என்று அளப்பது என் வேலை. இந்த மாதிரி வடிகட்டல் தினமும் செய்வதுதான்.

பதிவை அப்படியே தர மாட்டேன். சுத்தம் செய்து பென் டிரைவில் அனுப்புகிறேன். அவனுக்குத் தெரிந்து கேட்கிறீர்களா, தெரியாமலா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

ஏப்ரல் 2

வணக்கம்.

பென் டிரைவ் வந்தது. கடையில் கண் பரிசோதனை அறை காலியாக இருந்த நேரம் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்புறம் வரேம்மா” என்று போய்விட்டார். இதுதான் அவர் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அது அவர் இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் ஒலிப்பதிவு அறையைப் பார்த்துக்கொள்கிறவர் அதைக் கணினியில் படமாகப் போட்டுக் காட்டினார். கீழே கொஞ்சம் வெளிச்சம். மேலே முக்கால் பங்குக்கு மேல் ஒரே கறுப்பு. நொடிக்கு ஆயிரத்து ஐந்நூறு துடிப்புக்கு மேல் ஒன்றுமே இல்லை என்றார். “சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பேசற மாதிரி இருக்கு, மேடம். ‘சரி’ங்கிறது ‘அரி’ன்னு விழுது. ‘ச’ எல்லாம் உசரத்துல இருக்கிற சத்தம். அதைத்தான் வெட்டிட்டாங்க.”

“கொசுச் சத்தத்தை எடுக்கத்தானே வெட்டினாங்க?” என்றேன்.

“சார்ஜர் சத்தம் ஏழாயிரத்துக்குப் பக்கத்துல இருக்கும். அதை எடுக்க இவ்வளவு கீழ இறங்கவே வேண்டாம்.”

“தெரியாம செஞ்சிருப்பாங்களோ?”

அவர் சிரித்தார். “வெட்டு எவ்வளவு நேரா விழுந்திருக்கு பாருங்க. இவ்வளவு சுத்தமா வெட்டத் தெரிஞ்சவங்க தெரியாம வெட்ட மாட்டாங்க.”

நான் படித்தவள் இல்லை. ஆனால் மங்கின லென்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, உங்கள் கண்தான் சரியில்லை என்று இன்றுவரை யாரையும் அனுப்பியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரிக்கு வரி அவரை ‘அவன்’ என்று எழுதுகிறீர்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டிக்கொண்டு ஐந்து வருடத்தில் ஒரு நாளும் என் வாயில் அது வந்ததில்லை. விட்டுவிட்டுப் போனவருக்கு எப்படி இவ்வளவு உரிமை?

கண்ணாடிக் கடைக்காரி

ஏப்ரல் 9

ஆமாம். தெரிந்துதான் வெட்டினேன்.

முதலில் ஆறாயிரத்தில்தான் வெட்டினேன். கொசு போய்விட்டது. அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. அதை உறையில் போட்டு உனக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஐயாயிரம் என்று வைத்தேன். நான்காயிரம். மூவாயிரம். எண்ணை இறக்க இறக்க அவன் எழுந்து தூரமாகப் போய்க்கொண்டே இருந்தான். ஆயிரத்து ஐந்நூறில் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதுதான் உனக்கு என்று முடிவு செய்தேன்.

‘நீ’ என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை நிற்காது. அவனைக் கேள், சொல்வான். சொல்ல முடியாது, எழுதுவான்.

எனக்கு எதனால் இவ்வளவு எரிச்சல் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் வாழ்ந்தது அந்தக் குரலோடு. காலையில் துண்டு எங்கே என்று கத்தும், சாயங்காலம் குளத்துப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே படியேறும். எட்டு வருடச் சண்டையும் அந்தக் குரலோடுதான். சத்தம் போடாத ஒரு மனிதன் உனக்குக் கிடைத்தான். உங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று பொதுவான சிநேகிதர்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள், எனக்கு நல்ல செய்தி கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டு. ஆள் உன்னிடம், பிள்ளை உன்னிடம். என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். அதையும் கேட்டு ஒரு கடிதம், அடியில் அப்படி ஒரு கையெழுத்து.

பதிவில் என் சிரிப்பும் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்பாய். முடியாது. ஃபில்டருக்கு ஆள் தெரியாது, வேகம்தான் தெரியும். அவன் குரல் இருக்கிற இடத்திலேயேதான் என் சிரிப்பும் இருக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும்.

பதினொரு பாடத்தையும் கொசுவோடு அப்படியே அனுப்புகிறேன். நீயே சுத்தம் செய்துகொள். ஏழாவது பாடம் லோ-பாஸ் ஃபில்டர் செய்வது எப்படி என்பதுதான். என்னிடம் சந்தேகம் கேட்டு எழுதாதே. அவனே சொல்லித் தருவான்.

‘அவன்’ என்றுதான் எழுதுவேன்.

மே 6

வணக்கம்.

சொல்லித் தந்தார்.

ஏழாவது பாடத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. “முதல்ல, ஒரு நொடிச் சத்தத்தை எத்தனை புள்ளியா எடுத்து வெச்சிருக்கோம்னு பாக்கணும். அப்புறம் எங்க வெட்டணும்னு முடிவு பண்ணணும். அதுக்கு ஏத்த மாதிரி எண்களை வரிசையா எழுதணும். நடுவுல பெரிய எண். ரெண்டு பக்கமும் ஒரே அச்சா, அலையடிச்சு அடிச்சுச் சின்னதாகிக்கிட்டே போகும். நடுநடுவுல மைனஸ் வரும், பயப்படக் கூடாது. ஓரத்தை மெதுவா தேய்ச்சுப் பூஜ்யத்துகிட்ட கொண்டு போகணும். எல்லாத்தையும் கூட்டினா ஒண்ணு வரணும். வருதா? வரலைன்னா என்னைக் கேக்காதீங்க, நான் நீச்சல் வாத்தியார். புரிஞ்சுதா, புரொபசரம்மா?”

உடனே நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்திவிடுவேன். பிறகு நிறுத்தாமலும் கேட்டேன்.

ஒலிப்பதிவு அறைக்காரர் கடைக் கணினியிலேயே அதற்கான புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். அந்த எண்வரிசையை ஒலிப் புள்ளிகள் மேல் வைத்து, பெருக்கி, கூட்டி, ஒரு புள்ளி நகர்த்தி, மறுபடி பெருக்கிக் கூட்டும் வேலையை அது பார்த்துக்கொள்கிறது. எண்களை நான்தான் போட வேண்டும். முதலில் பதினொரு எண் போட்டேன். கொசு கொஞ்சம் தணிந்தது, சாகவில்லை. வெட்டு செங்குத்தாக விழாமல் சரிவாக விழுந்திருக்கிறது என்றார் அவர். நூற்று ஒரு எண் போட்டேன். கூட்டினால் ஒன்று வருகிறதா என்று பார்க்க மறந்துவிட்டேன். குரல் பெருத்துக் கரகரவென்று வெடித்தது. கடை முதலாளி மேஜையை விட்டே எழுந்துவிட்டார். அப்புறம் சரியாகச் செய்தேன். மூவாயிரத்தில் ‘ச’ வரவில்லை. ஐயாயிரத்தில் சோர்ந்து வந்தது. ஆறாயிரத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நீங்கள் எழுதியது பொய்யில்லை. அங்கிருந்து அவரை எழுந்து போகச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்.

இயந்திரம் வந்துவிட்டது. முதல் நாள் அவர் “சாப்பிட்டாச்சா?” என்று தட்டினார். அது கேட்டது. மகள் எழுந்து போய் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. “அம்மா, அப்பாக்குள்ள யாரு?” என்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததிலேயே தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது.

என் வயிற்றெரிச்சலையும் எழுதிவிடுகிறேன். உங்களை ‘புரொபசரம்மா’ என்று கூப்பிடுகிறார். எனக்கு ஒரு பெயரும் இல்லை. தோளில் தட்டுவார், அவ்வளவுதான். இப்போது குரல் வந்த பிறகும் தோளில்தான் தட்டுகிறார்.

இதையெல்லாம் சொல்ல மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. போன வாரம் குளத்து வாசலில் மகள் அவர் கையை உதறிவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். அவர் இப்போது அங்கே தண்ணீர் சுத்தம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். அவசரமாக ‘நில்லு’ என்று தட்டினார். இயந்திரம் பாடம் படிக்கிற மாதிரி, அமைதியாக, “நில்லு” என்றது. அதற்குள் ஒரு லாரி பிரேக் போட்டு அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றைக்கு முழுக்க அவர் இயந்திரத்தைத் தொடவில்லை.

உண்மையாகவே கத்திய பதிவு ஏதாவது இருந்தால், அந்தச் சொல்லை மட்டும் எடுத்து ஒரே பொத்தானில் வைக்கலாம் என்கிறார் ஒலிப்பதிவு அறைக்காரர். பதினொரு பாடத்திலும் அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. உங்களிடம் இருக்கிறதா?

மே 14

இருக்கிறது. பன்னிரண்டாவதாக ஒன்று.

நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய சாயங்காலம் அது. அவன் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே வந்தேன். பேச்சு ஆரம்பித்தது. ரெக்கார்டரை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. புது ஊருக்கு அவன் என் சாமான்களோடு அனுப்பிவைத்த ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டபோதுதான் அது பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தது.

அதில் நான் பேசியதும் இருக்கிறது. நீ கேட்பாய் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன்.

பதிவின் கடைசியில் கதவு திறக்கும் சத்தம் வரும். அதற்குப் பிறகு அவன் ‘நில்லு’ என்று கத்துவான். மூன்று தடவை. முதலாவதில் கதவுச் சத்தம் கலந்திருக்கிறது. மூன்றாவதில் குரல் உடைந்துவிடுகிறது. இரண்டாவதை எடுத்துக்கொள். அதில் என் காலடிச் சத்தம் விழவில்லை.

ஜூன் 10

வணக்கம்.

கேட்டேன். முழுவதும் கேட்டேன். நீங்கள் சொன்னதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை.

எனக்கு வந்தது பொறாமைதான். சொன்னால் சிரிப்பீர்கள். போன வருடம் ஒரு சின்ன மனத்தாங்கலில், நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அவர் ஓடி வந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பலகையில் ‘குடை எடுத்துக்கோ’ என்று எழுதிக் காட்டினார். உங்களுக்காக ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். எனக்குக் குடை.

இரண்டாவதைத்தான் எடுத்தேன். அந்த ஒரு சொல்லில் ‘ச’ இல்லை. ‘ந’வும் ‘ல’வும் கீழேயே இருந்துவிடுகின்றன. அதனால் மூவாயிரத்து ஐந்நூறில் வெட்டினேன். சார்ஜர் இரைச்சல், உங்கள் வளையல் சத்தம் எல்லாம் போய்விட்டன. வளையல் போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். நானே முடிவெடுத்து வெட்டியது. ஒலிப்பதிவு அறைக்காரர் கேட்டுவிட்டு, “ஒண்ணும் மாத்த வேண்டாம், மேடம்” என்றார். சிவப்புப் பொத்தானில் வைத்துக் கொடுத்தார். இதை அழுத்தினால் நிற்கச் சொல்லும் என்று மட்டும் வீட்டில் அவரிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை மகள் பந்துக்குப் பின்னால் ஓடினாள். அவர் அழுத்தினார். அவள் அப்படியே நின்றாள். ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரரும் காலை ஊன்றி நின்றுவிட்டார். குளத்து உள்ளே தண்ணீரில் இருந்த பிள்ளைகள்கூட நீந்துவதை நிறுத்தினார்களாம். பந்து மட்டும் போய்விட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவளுக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து தட்டினார். “அது அன்னைக்குக் கத்தினது.” அவருடைய பாடம் படிக்கும் குரலில்தான் வந்தது.

“ஆமாங்க” என்றேன்.

“நீ முழுசா கேட்டியா?”

“கேட்டேன்.”

ஏதோ தட்டி அழித்துவிட்டு மறுபடி தட்டினார். “நான் எப்படி இருக்கேன்னு அவ கேட்டாளா?”

உள்ளதைச் சொன்னேன். ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை என்று. அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. “போடா!” என்று கத்திவிட்டேன். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து வந்தது. உனக்குச் சப்பாத்திக்கு மாவு பிசைவது நான், நீ மூச்சு விடுகிற கழுத்துத் துளையைச் சுத்தம் பண்ணுவது நான், நூற்று ஒரு எண் கூட்டி உன் ‘ச’வைத் தேடி எடுத்தது நான், நீ அவள் கேட்டாளா என்கிறாயா என்று கேட்டேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. சத்தத்தை உச்சத்தில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். கோபத்தில் எழுத்துப் பிழை அதிகமாகும் அவருக்கு. இயந்திரம் பிழையையும் அப்படியே படிக்கிறது. “நீ ஒரு பெரிய பிடிவதக்கரி” என்றது. நான் சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். “இல்லம்மா, உங்க வீட்டுல ஏதோ புது ஆம்பளைக் குரல் கேட்டுது. நீங்க நல்லா இருக்கீங்கதானே?” உள்ளேயிருந்து இயந்திரம், “மனைவியோட சண்டை. அப்புறம் வாங்க” என்றது. மனிதர் மாடிப்படியில் இரண்டு படி பின்னால் போய்விட்டார்.

நீங்கள் கேட்கவில்லை என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். இயந்திரம் பேசுவதைக் கேட்க விருப்பமிருந்தால் சொல்லுங்கள், பதிவு செய்து அனுப்புகிறேன்.

ஜூன் 19

அனுப்ப வேண்டாம்.

கேட்கத் தோன்றாமல் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஒரு வரியை எழுத இடம் விட்டு வைத்திருந்தேன். எழுதினால் நீ பதில் போடுவாய். நன்றாக இருக்கிறார், நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதுவாய். அது உண்மையாகவும் இருக்கும். அதை உன் கையெழுத்தில் படிக்க எனக்குத் தெம்பில்லை. இதை அவனிடம் சொல்லாதே. சொல்லாதே என்று எனக்கு யாராவது எழுதித் தந்தால் நான் கேட்க மாட்டேன். நீயும் கேட்க மாட்டாய் என்று தெரியும்.

பிள்ளை நின்றாள் என்று படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

மூவாயிரத்து ஐந்நூறு சரியான முடிவு. நானாக இருந்தால் நான்காயிரம் வைத்து வளையலையும் விட்டிருப்பேன்.

‘போடா’ என்று சொன்னதாக எழுதியிருந்தாய். எட்டு வருடத்தில் நான் அதைத் தினமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவன் காதில் அது விழவே இல்லை. நீ கொஞ்சம் பார்த்துச் செலவழி.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பதில் போட்டுவிடுவேன், அதனால் சொல்கிறேன்.